மூளைக்குள் மரபணு அனுப்பும் வைரஸ்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளைக்கான மரபணு சிகிச்சை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் "சுண்டெலியில் வெற்றி" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கும் மனித மூளைக்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு என்பதுதான் பலருக்கும் புரியாத விஷயம். அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் பணியாற்றும் நரம்பியல் அறிஞர் விவியானா கிராடினாருவின் ஆய்வை நடுவில் வைத்து இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

வைரஸ் மூலம் மரபணு அனுப்புவது என்றால் என்ன?

வைரஸுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று. ஒரு செல்லைத் தேடிப் பிடித்து உள்ளே நுழைந்து, தன் மரபணுக்களை அங்கே இறக்கி வைப்பது. அந்த மரபணுக்களை எடுத்துவிட்டு, நமக்கு வேண்டிய ஒன்றை அதே உறைக்குள் வைத்தால் வைரஸ் நமக்காகச் சுமக்கும். செல்லுக்குள் போன மரபணுவைப் படித்து அந்தச் செல்லே புரதத்தைத் தயாரிக்கும். எந்தப் புரதம் என்பது நம் தேவையைப் பொறுத்தது. நோயாளியிடம் இல்லாத என்சைமாக இருக்கலாம், ஆய்வகத்தில் செல்லைப் பச்சையாக ஒளிரவைக்கும் புரதமாகவும் இருக்கலாம்.

மரபணுவை நேரடியாகவே கொடுத்துவிடலாமே, நடுவில் வைரஸ் எதற்கு?

வெறும் டிஎன்ஏவை இரத்தத்தில் விட்டால் சீக்கிரமே சிதைந்துவிடும். தப்பிப் பிழைத்தாலும் செல்லின் வெளிச்சவ்வைத் தாண்டுவது அதற்குச் சிரமம். அதைத் தாண்டினாலும் உட்கருவுக்குள் போயாக வேண்டும். இத்தனை கதவுகளையும் திறக்கும் வித்தையை வைரஸ்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பழகி வைத்திருக்கின்றன. கொழுப்புத் துகள்களில் அடைத்து அனுப்பும் முறையும் இருக்கிறது. ஆனால் மூளை என்று வந்தால் இன்று வரை வைரஸ்தான் முன்னால் நிற்கிறது.

எந்த வைரஸைப் பயன்படுத்துகிறார்கள்?

பெரும்பாலும் அடினோ சார்ந்த வைரஸ், சுருக்கமாக ஏஏவி. இதைக் கண்டுபிடித்தது ஒரு தற்செயல். 1965இல் அட்சிசனும் அவருடைய சகாக்களும் அடினோவைரஸ் மாதிரிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கூடவே மிகச் சிறிய துகள்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மாதிரியைக் கெடுக்கும் குப்பை போலத் தெரிந்த அவை தனி வைரஸ் என்பது அப்போது தெரிந்தது. தனியாகப் பெருகும் திறன் அதற்கு இல்லை, பக்கத்தில் அடினோவைரஸ் போன்ற ஒரு துணை வேண்டும். இது மனிதருக்கு எந்த நோயையும் தருவதாக அறியப்படவில்லை. இந்த அப்பாவித்தனம்தான் பிற்காலத்தில் இதை ஆராய்ச்சியாளர்களின் செல்லப்பிள்ளை ஆக்கியது.

இதன் விட்டம் ஏறத்தாழ 25 நானோமீட்டர். 60 புரதங்கள் சேர்ந்து 20 முகங்கள் கொண்ட ஒரு கூடாக நிற்கும். உள்ளே ஒற்றை இழை டிஎன்ஏ, சுமார் 4,700 எழுத்துகள். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பல நோய்களின் தலைவிதியை இது தீர்மானிக்கிறது. தசைச்சிதைவு நோயில் பழுதாகும் டிஸ்ட்ரோபின் மரபணு, தேவையில்லாத பகுதிகளை நீக்கிய பிறகும், 11,000 எழுத்து நீளம். டிராவே எனப்படும் கடுமையான வலிப்பு நோயின் மரபணு சுமார் 6,000. இரண்டுமே இந்தப் பெட்டிக்குள் முழுசாக அடங்காது. வெட்டிச் சுருக்க வேண்டும், இரண்டு வைரஸ்களில் பிரித்து அனுப்ப வேண்டும், அல்லது சுற்றுவழி ஒன்றைத் தேட வேண்டும்.

லென்டிவைரஸ் இதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுமக்கும். ஆனால் அது செல்லின் குரோமோசோமுக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். ஹெர்பிஸ் வைரஸ் இன்னும் எவ்வளவோ அதிகம் தாங்கும், ஆனால் அதைச் சாதுவாக்குவது பெரும்பாடு.

மண்டையில் சிறு துளை போட்டு நேராகச் செலுத்தினால் என்ன?

செய்கிறார்கள், பலனும் கிடைத்திருக்கிறது. ஏஏடிசி என்ற என்சைம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளின் மூளையால் டோபமைனையும் செரடோனினையும் தயாரிக்க முடியாது. பலர் தலையைக்கூட நிமிர்த்த முடியாமல் இருப்பார்கள். அவர்களுக்கான மரபணு மருந்து ஐரோப்பாவில் 2022இலும் அமெரிக்காவில் 2024 நவம்பரிலும் அனுமதி பெற்றது. மூளையின் ஆழத்தில் உள்ள புட்டாமென் என்ற பகுதியில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் 0.08 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 0.003 மில்லிலிட்டர் வேகத்தில் சொட்டுச் சொட்டாகக்கூட இல்லை, கசியவிடுகிறார்கள். ஓர் இடத்துக்கு 27 நிமிடம் ஆகும்.

இது கைகொடுத்தது ஏன் என்றால், சரிசெய்ய வேண்டிய இடம் சிறியது, எங்கே என்பதும் தெரியும். மூளை முழுக்கப் பரவிய நோய்க்கு இது ஒத்துவராது. ஊசிமுனையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே வைரஸின் அளவு சரசரவென்று குறைந்துவிடும். சுண்டெலி மூளைக்குச் சில மில்லிமீட்டர் என்பது பெரிய பரப்பு. 8,600 கோடி நியூரான்கள் உள்ள மனித மூளையில் அது ஒரு புள்ளி. அதற்காக நூறு துளைகள் போட முடியாது.

அப்படியானால் இரத்தத்தில் செலுத்தலாமே?

அதுதான் எல்லாருடைய ஆசையும். மனித மூளையின் நுண்குழாய்களை ஒன்றின் பின் ஒன்றாக நீட்டினால் சுமார் 600 கிலோமீட்டர் வரும். எந்த நியூரானை எடுத்துக்கொண்டாலும் ஓர் இரத்தக்குழாய் கூப்பிடு தூரத்தில் இருக்கும். இதைவிட நல்ல விநியோக வலை எங்கே கிடைக்கும்?

ஆனால் அந்தக் குழாய்களின் சுவர்தான் தடை. உடலின் மற்ற இடங்களில் நுண்குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே இடுக்கு இருக்கும். மூளையில் அவை ஒன்றோடொன்று இறுகத் தைத்தாற்போல இருக்கும். 1885இல் பவுல் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றினார். உறுப்புகளெல்லாம் நிறம் மாற, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்குச் சாயம் ஒட்டாது போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் கோல்ட்மான் 1913இல் அதைத் திருப்பிச் செய்து பார்த்தார். சாயத்தை மூளைத் தண்டுவட நீரில் செலுத்தினார். இப்போது மூளை நிறம் மாறியது, உடல் மாறவில்லை. ஆக, சாயம் மூளையில் ஒட்டத்தான் செய்கிறது, நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. இதைத்தான் இரத்த-மூளைத் தடுப்பு என்கிறோம்.

இந்தச் சுவரை எந்த வைரஸும் தாண்டவே முடியாதா?

ஓரளவு தாண்டும் ஒன்று இருக்கிறது. ஏஏவியில் இயற்கையாகவே பல வகைகள் உண்டு, எண்ணிட்டு அழைப்பார்கள். ஒன்பதாவதான ஏஏவி9 புதிதாய்ப் பிறந்த சுண்டெலிகளின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் போவது 2009இல் வெளியானது. அந்த வழியில் வந்ததுதான் முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கான மருந்து. 2019 மே மாதம் அமெரிக்கா அதை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதித்தது. விலை சுமார் 21 லட்சம் டாலர் என்பதால் உலகம் முழுக்கப் பேசப்பட்டதும் அதுவே.

அளவைப் பாருங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 110 லட்சம் கோடி வைரஸ் துகள்கள். 6 கிலோ குழந்தைக்கு 660 லட்சம் கோடி. மேலே சொன்ன புட்டாமென் சிகிச்சையில் நான்கு இடத்துக்கும் சேர்த்துப் போவது 18,000 கோடிதான். அதாவது 3,600 மடங்குக்கு மேல் வித்தியாசம். சுவர் மிகச் சிலரை மட்டுமே உள்ளே விடுகிறது என்பதால் வெளியே பெருங்கூட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருக்கிறது. மீதி எல்லாம் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போய்ச் சேரும். குழந்தைக்கே இவ்வளவு என்றால் 60 கிலோ பெரியவருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கிராடினாரு இதில் என்ன செய்தார்?

ருமேனியாவில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசெராத்திடம் முனைவர் பட்டம் பெற்றார். ஒளியால் நியூரான்களை இயக்கும் முறை வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்த முறைக்கு ஒளி உணரும் புரதத்தின் மரபணு நியூரானுக்குள் போயாக வேண்டும். அப்புறம் கால்டெக்கில் சொந்த ஆய்வகம் தொடங்கி, திசுக்களைக் கண்ணாடிபோல ஒளிபுகும்படி ஆக்கும் முறைகளில் இறங்கினார். மூளையை வெட்டாமல் முழுசாகப் பார்க்க முடிந்தால் நல்லதுதான். ஆனால் அந்த மூளை முழுவதும் நாம் விரும்பிய செல்கள் ஒளிர்ந்தால்தானே பார்க்க ஏதாவது இருக்கும்? அதற்கு மரபணு எல்லா இடத்துக்கும் போக வேண்டும். இரண்டு வேலைகளுமே அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது அந்தச் சுவருக்கு முன்னால்தான்.

அவருடைய குழுவில் பெஞ்சமின் டெவர்மேன் முன்னின்று நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஏஏவி9இன் உறையைத் திருத்தி ஏஏவி-பிஎச்பி.பி என்ற புதிய உறையை உருவாக்கியிருந்தார்கள். வளர்ந்த சுண்டெலியின் இரத்தத்தில் செலுத்தினால் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஏஏவி9ஐவிடக் குறைந்தது 40 மடங்கு நன்றாக மரபணுவைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு வந்த பிஎச்பி.இபி இன்னும் தேர்ந்தது. ஒரு சுண்டெலிக்கு 10,000 கோடி துகள்கள் கொடுத்தபோது மூளைப் புறணியின் நியூரான்களில் 69 விழுக்காட்டை அது எட்டியது. கூடவே வந்த பிஎச்பி.எஸ் மூளைக்கு வெளியே உள்ள நரம்புகளுக்கானது.

இந்த உறையை எப்படி வடிவமைத்தார்கள்?

வடிவமைக்கவில்லை என்பதே பதில். வடிவமைக்கும் அளவுக்கு யாருக்கும் விவரம் தெரியாது. சுவரைத் தாண்ட எந்த வடிவம் வேண்டும் என்று தெரியாதபோது, கோடிக்கணக்கான வடிவங்களை உண்டாக்கி எது தாண்டுகிறது என்று பார்ப்பதுதான் வழி. இந்தப் பாணிக்கு வழிநடத்திய பரிணாமம் என்று பெயர். என்சைம்களில் இதைச் செய்துகாட்டி 2018இல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சஸ் அர்னால்டும் கால்டெக்காரர்தான்.

ஏஏவி9 உறைப்புரதத்தில் 588ஆவது அமினோ அமிலத்தை அடுத்து ஓர் இடம் கூட்டின் வெளிப்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும். அங்கே ஏழு அமினோ அமிலங்களைத் தற்போக்கில் செருகினார்கள். ஓர் இடத்துக்கு 20 வாய்ப்பு, ஏழு இடங்கள் என்றால் 128 கோடி விதம். இந்தக் கலவையைச் சுண்டெலிக்குச் செலுத்திவிட்டு, பிறகு மூளையை எடுத்து உள்ளே எந்த வைரஸின் டிஎன்ஏ இருக்கிறது என்று பார்க்கலாம்.

பார்க்கலாம்தான். ஆனால் இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. மூளையில் கிடப்பதெல்லாம் செல்லுக்குள் போய்த் தன் வேலையை முடித்தவை அல்ல. இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டவை இருக்கும், செல்லின் வாசல் வரை வந்து நின்றவையும் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் தவறான ஆட்கள் ஜெயித்துவிடுவார்கள். இதை அடைத்த விதத்தில்தான் இந்த ஆய்வின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கிரே என்றொரு என்சைம் உண்டு, டிஎன்ஏவில் குறித்த இரண்டு அடையாளங்களுக்கு நடுவே உள்ள துண்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடும். வைரஸின் டிஎன்ஏவுக்குள் அந்த அடையாளங்களை வைத்தார்கள். நியூரான்களுக்குத் துணை நிற்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற மூளைச் செல்களில் மட்டும் கிரே இருக்கும்படி பிறந்த சுண்டெலிகளில் செலுத்தினார்கள். ஆஸ்ட்ரோசைட்டின் உட்கரு வரை போய், ஒற்றை இழையை இரட்டை இழையாக்கிக்கொண்ட வைரஸின் டிஎன்ஏ மட்டுமே திரும்பும். திரும்பியதை மட்டும் நகலெடுக்கும்படி பிசிஆர் செய்தால் போதும், வாசலில் நின்றவர்கள் தாமாகவே கழிந்துவிடுவார்கள். கிரியேட் என்று இந்த முறைக்குப் பெயர் வைத்தார்கள்.

இத்தனை நன்றாக வேலை செய்ததை ஏன் மனிதருக்குக் கொடுக்கவில்லை?

இந்த ஒரு கேள்விக்காகவே இவ்வளவும் சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

ஆய்வகங்களில் மிகப் பரவலாகப் பயன்படும் சுண்டெலி வம்சம் ஒன்று உண்டு. பிளாக்-6 என்பார்கள், கறுப்பாக இருக்கும். பிஎச்பி.பியைத் தேர்ந்தெடுத்தது அதன் பின்னணி கொண்ட சுண்டெலிகளில்தான். 2018இல் வேறு குழுவினர் பால்ப்-சி என்ற வெள்ளைச் சுண்டெலி வம்சத்தில் அதே உறையைச் செலுத்தினார்கள். ஏஏவி9ஐவிட மேல் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. குரங்குகளிலும் இதே கதைதான். 40 மடங்கு என்ற அந்தப் பெருமை குறிப்பிட்ட வம்சத்து எலிகளுக்கே உரியதாகிப் போனது.

ஒரே இனத்தின் இரண்டு வம்சங்களுக்குள் இப்படி ஒரு வித்தியாசம் இருப்பது ஆராய்ச்சியாளருக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். வழிவிடும் வம்சங்களையும் விடாத வம்சங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரபணு வேறுபாடுகளைத் தேடினால், சுவரின் காவலாளி யார் என்று தெரிந்துவிடும். 2019இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் தனித்தனியாக ஒரே பெயரில் வந்து நின்றன: எல்ஒய்6ஏ. சுண்டெலியின் மூளை இரத்தக்குழாய்ச் செல்களின் பரப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு புரதம் இது. பிஎச்பி.பியில் செருகிய ஏழு அமினோ அமிலங்கள் தற்செயலாக இதைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தாண்டியிருக்கின்றன. பால்ப்-சி வம்சத்தில் இந்தப் புரதம் சற்று மாறுபட்டிருப்பதால் பிடி கிடைக்கவில்லை. மனிதரிடமோ இதற்கு நேரான இணையே இல்லை.

தேர்வு முறையில் குற்றம் சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்கு அது துல்லியமாகப் பதில் சொன்னது. "இந்தச் சுண்டெலியின் மூளைக்குள் யார் போவார்கள்" என்று கேட்டார்கள், அதற்கான ஆளைக் காட்டியது. மனித மூளையைப் பற்றி யாரும் அதனிடம் கேட்கவில்லை.

அப்படியென்றால் 2016 ஆய்வு வீணா?

வீண் இல்லை. எல்ஒய்6ஏ தெரிந்த பிறகு துறையின் கேள்வியே மாறியது. "எந்த உறை தாண்டும்?" என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தவர்கள், "சுவரின் மேல் எந்தப் புரதத்தைப் பிடித்தால் தாண்டலாம், அது மனிதரிடம் இருக்கிறதா?" என்றும் கேட்கத் தொடங்கினார்கள். சுண்டெலி மூளையை ஆராய்பவர்களுக்குப் பிஎச்பி.இபி அன்றாடக் கருவியாகவும் ஆகிவிட்டது. எலி மூளையைப் புரிந்துகொள்வதே நோக்கம் என்றால் எலியில் மட்டும் வேலை செய்வது ஒரு குறையே இல்லை.

மனிதச் சுவருக்கான சாவி கிடைத்துவிட்டதா?

நம்பிக்கை தரும் சாவிகள் இருக்கின்றன. கிராடினாருவின் குழு தேர்வு முறையை விரித்து, வேண்டிய செல்லில் நுழைபவற்றைத் தேர்ந்தெடுப்பதோடு வேண்டாத செல்களில் நுழைபவற்றைக் கழித்துக் கட்டவும் செய்தது. அந்த வரிசையில் வந்த கேப்-பி10 என்ற உறை மார்மோசெட் குரங்குகளில் நியூரான்களை எட்டியது, கல்லீரலைப் பெருமளவு விட்டுவைத்தது. 2023இல் மக்காக் குரங்குகளுக்கான கேப்-மாக் வந்தது. அதே ஆண்டில், அவர்களுடைய வேறு சில உறைகள் சுண்டெலி மூளைக்குள் எதைப் பிடித்துப் போகின்றன என்று தேடியபோது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 4 என்ற என்சைம் அகப்பட்டது. சோடாவின் சுள்ளென்ற ருசியைச் சுண்டெலியின் நாக்கு உணர உதவுவதும் இதுதான், மூளைச் சுவரில் இதற்கு என்ன வேலையோ! இது மனிதரிடமும் உள்ள புரதம். ஆனால் எலியின் வடிவத்தைப் பிடிக்கும் உறை மனித வடிவத்தையும் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

டெவர்மேன் இதற்கிடையே பிராட் என்ற இன்னோர் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய் எதிர்த்திசையிலிருந்து தொடங்கினார். மூளைக்கு இரும்பு வேண்டும். இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினைப் பிடித்துக்கொள்ள, சுவரின் செல்களில் ஓர் ஏற்பி இருக்கிறது. முதலில் அந்த மனித ஏற்பியை எடுத்துக்கொண்டு, அதைப் பிடிக்கும் ஏஏவி உறையைச் சோதனைக்குழாயிலேயே தேடினார்கள். பிறகு மனித ஏற்பி உள்ளபடி மரபணு மாற்றிய சுண்டெலிகளில் செலுத்தியபோது, ஏஏவி9ஐவிட 40 முதல் 50 மடங்கு அதிகமாக மூளையில் மரபணு வெளிப்பட்டது. 2024இல் வெளியானது இது. பழைய 40 மடங்கு நினைவுக்கு வரலாம். இந்த முறை எண் பெரிதல்ல, கதவு மனிதருடையது என்பதுதான் புதிது. என் கணிப்பில் அடுத்து வரும் மருந்துகளில் பல இந்த வழியில்தான் வரும்.

மூளைக்குள் போன பிறகு எந்தச் செல்லில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். உறை எந்தச் செல்லுக்குள் போவது என்பதைப் பார்த்துக்கொள்ளும். மரபணுவுக்கு முன்னால் வைக்கும் புரோமோட்டர் என்ற டிஎன்ஏ துண்டு, எந்தச் செல் அதைப் படிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும். சினாப்சின் மரபணுவின் புரோமோட்டரை வைத்தால் நியூரான் படிக்கும், பக்கத்து ஆஸ்ட்ரோசைட் கண்டுகொள்ளாது. இந்தப் புரோமோட்டரும் அந்த 4,700 எழுத்துக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பது கூடுதல் தலைவலி.

மருந்தைத் தவிர இதனால் வேறு பயன் உண்டா?

நரம்பியலில் இன்று இந்த வைரஸ்கள் இல்லாமல் பல ஆய்வுகள் நகராது. ஒரு நியூரான் துடிக்கும்போது மின்னும் புரதம், ஒளி பட்டால் நியூரானைத் துடிக்கவைக்கும் புரதம் எல்லாமே இந்த வழியில்தான் மூளைக்குள் போகின்றன. வெறிநாய்க்கடி வைரஸைக்கூட விட்டுவைக்கவில்லை. அது இயல்பாகவே நரம்பிலிருந்து நரம்புக்குப் பின்னோக்கித் தாவும். 2007இல் அதன் உறையில் உள்ள கிளைகோபுரதத்தின் மரபணுவை நீக்கி, ஒரே ஒரு தாவலோடு நின்றுவிடும்படி செய்தார்கள். ஆக, ஒரு நியூரானைக் காட்டினால் அதற்கு நேரடியாகத் தகவல் அனுப்பும் நியூரான்கள் எவை என்று அது காட்டிக்கொடுக்கும். பயமுறுத்தும் வைரஸை வரைபடம் போடும் வேலைக்கு வைத்துக்கொண்டது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஆபத்துகள் என்ன?

மரபணு சிகிச்சை என்றாலே 1999 நினைவுக்கு வரும். கல்லீரல் என்சைம் குறைபாடு கொண்ட ஜெசி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர், ஒரு பரிசோதனையில் அடினோவைரஸ் செலுத்தப்பட்ட நான்காம் நாள் இறந்தார். காரணம் கட்டுக்கடங்காத நோயெதிர்ப்பு வினை. துறை பல ஆண்டுகள் முடங்கியது. ஏஏவி அந்த அளவுக்கு உடலைச் சீண்டாது என்பதும் அதற்கு மவுசு கூடியதற்கு ஒரு காரணம்.

சீண்டவே செய்யாது என்று நினைத்துவிடக் கூடாது. மிக அதிக அளவில் கொடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படும், உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. அதனால்தான் தசைநலிவு மருந்தோடு ஸ்டீராய்டு கொடுத்து, கல்லீரல் என்சைம்களைத் தொடர்ந்து பார்க்கிறார்கள். தண்டுவடத்தை ஒட்டியுள்ள உணர்வு நரம்பு முடிச்சுகளில் சேதம் குரங்கு ஆய்வுகளில் அடிக்கடி தெரியவந்திருக்கிறது. இரண்டுக்குமே மருந்தின் அளவு முக்கியக் காரணம். சுவரை எளிதாகத் தாண்டும் உறை கிடைத்தால் அளவைக் குறைக்கலாம். கிராடினாரு போன்றவர்களின் ஆய்வு பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புபடுவது இங்கேதான்.

ஒருமுறை போட்டுப் பலிக்கவில்லை என்றால் இன்னொரு முறை போடலாமா?

இப்போதைக்குப் பொதுவாக முடியாது. முதல் முறையிலேயே உடல் அந்த உறைக்கு எதிராக எதிர்ப்பொருள்களை ஏராளமாக உருவாக்கிவிடும். அடுத்த முறை வந்தால் வாசலிலேயே மடக்கிவிடும். இன்னொரு சங்கடம், ஏஏவி இயற்கையில் பரவலாக இருப்பதால் பலருக்குச் சிறுவயதிலேயே தெரியாமல் தொற்றியிருக்கும். எதிர்ப்பொருள் ஏற்கெனவே அதிகமாக இருப்பவர்களைப் பரிசோதனைகளில் சேர்ப்பதில்லை.

பலன் எத்தனை நாள் நிற்கும்? பிள்ளைகளுக்குக் கடத்தப்படுமா?

ஏஏவி கொண்டுவந்த டிஎன்ஏ பெரும்பாலும் குரோமோசோமில் சேராமல் உட்கருவுக்குள் தனி வளையமாகக் கிடக்கும். பிரியும் செல்லில் இது நாளடைவில் நீர்த்துப்போகும். நியூரான்கள் பிரிவதில்லை, அதனால் பல ஆண்டுகள் தங்கும். மூளைக்கு இது பொருந்தி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். விந்தணுவையோ கருமுட்டையையோ மாற்றுவது இதன் நோக்கமல்ல. அங்கே போய்ச் சேர்கிறதா என்பதைப் பரிசோதனைகளில் தனியாகவே கண்காணிக்கிறார்கள்.

கொரோனா தடுப்பூசிகளில் இருந்த வைரஸும் இதுவும் ஒன்றா?

இல்லை. சில தடுப்பூசிகளில் இருந்தது அடினோவைரஸ். பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. தடுப்பூசிக்கு நோயெதிர்ப்பைத் தூண்ட வேண்டும், மரபணு மருந்துக்கு அதைத் தூண்டாமல் நழுவ வேண்டும். இரண்டும் எதிரெதிர் வேலைகள்.

உள்ளே போன மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தால் நிறுத்த முடியுமா?

ஒருமுறை போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. பல நோய்களில் இது பெரிய விஷயமல்ல, என்சைம் கொஞ்சம் கூடினாலும் கேடில்லை. சில நோய்களில் கத்திமேல் நடப்பது போன்றது. ரெட் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். எம்இசிபி2 என்ற மரபணு பழுதானால் பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வரும் நோய் அது, பேச்சும் கைகளின் பயன்பாடும் மெல்லப் போய்விடும். அதே மரபணு இரட்டிப்பாக இருந்தால் அதுவே வேறொரு கடுமையான நோய். ஒரு நியூரானுக்குள் மூன்று வைரஸ் போகலாம், பக்கத்து நியூரானுக்குள் முப்பது போகலாம். இரண்டிலும் சரியான அளவே வர வேண்டும். இதற்காக, செல்லில் அந்தப் புரதம் கூடும்போது மரபணுவின் குரலைத் தானே அடக்கும் சிறு ஆர்என்ஏ சுற்றுகளை வைரஸுக்குள் சேர்த்து அனுப்பிப் பார்க்கிறார்கள். அவற்றுக்கும் அதே 4,700 எழுத்துக்குள்தான் இடம் பிடிக்க வேண்டும்.